நான் அறுத்துப் பார்க்காத குட்டி

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டுக்குப் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் ஓர் ஊர். அங்குள்ள கால்நடை மருந்தகத்தில் நான் மருத்துவராக இருக்கிறேன். குடியிருப்பது ஆரணியில். காலையில் எங்கள் தெருவில் பட்டுப் பாவு நூலை நீளமாக விரித்துக் கட்டி வேலை செய்துகொண்டிருப்பார்கள். அதைத் தொடாமல் ஸ்கூட்டரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், முனையில் ஏறி உட்கார்ந்தால் ஒன்பது மணிக்குள் மருந்தகம் போய்விடலாம். நான் சேர்ந்த நான்காவது வருடம் தை மாதத்தில் தொடங்கியது இது.

அன்று கோமாரித் தடுப்பூசி முகாம். மருந்தகத்துக்கு வெளியே சாலை வரை மாடுகள் நின்றன. ஊசி போடுவதும் காதில் வில்லை மாட்டுவதும் பதிவேட்டில் எழுதுவதுமாக எனக்கும் உதவியாளருக்கும் நிமிர நேரமில்லை. அந்தக் கூட்டத்துக்குள் யூரியா சாக்கு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதை ஒட்டியவர். அவரை எனக்கு முகம் தெரியும். மலையடிவாரத்தில் செம்மறி மேய்ப்பவர், குடற்புழு மருந்துக்கு வருவார்.

"டாக்டரம்மா, இத்த கொஞ்சம் பாருங்க. கழுகு அடிச்சிட்டுச்சி."

சாக்குக்குள் ஒரு செம்மறிக்குட்டி. பிறந்து நாலைந்து நாள் இருக்கும். முதுகு கிழிந்திருந்தது. ஒரு கண் இல்லை, நாக்கும் இல்லை.

"எப்ப நடந்துச்சுக்கா?"

"நேத்து சாயந்தரம். தாயி முன்னாடி மேஞ்சிகினு போய்டுச்சி. இது தள்ளாடிகினு பின்னால வந்துச்சி. மேலேர்ந்து ஒரே வீச்சு. நான் கத்திகினு ஓடறேன், அது குட்டி மேல உக்காந்துகினு என்னையே பாக்குது. கல்லெடுத்து அடிச்சதும்தான் எழுந்துச்சி. மத்ததெல்லாம் மெரண்டு ஓடிப்போச்சிங்க. அதுங்கள ஓட்டிகினு போய் பட்டியில அடைச்சிட்டு வந்து பாத்தா, காக்கா வேற கொத்திகினு கீது."

அவர் சொன்னதில் காக்காயை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். கண்ணும் நாக்கும் போயிருந்தால் அது பெரும்பாலும் செத்தபின் காக்கை செய்தது. கழுகு உயிருள்ள குட்டியை அடிப்பது அபூர்வம், செத்ததைத் தின்பதைப் பார்த்துவிட்டு அதுதான் கொன்றது என்பார்கள் என்று எங்களுக்குக் கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். அது பொய்யும் அல்ல.

அவருக்கு வேண்டியது ஒரு காகிதம். ஆடுகள் அவருடையவை அல்ல. ஆரணியில் தறி வைத்திருக்கும் ஒருவர் இருபது பெட்டையாடுகளை வாங்கி அவரிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். ஆடு முதலாளிக்கு, மேய்ப்பு அவருக்கு, பிறக்கும் குட்டிகளில் ஆளுக்குப் பாதி. போன மாதமே இரண்டு குட்டிகள் காணவில்லை. மேய்ப்பவர் சந்தையில் விற்றுவிட்டார் என்று முதலாளி நினைக்கிறார்.

"நான் சொன்னா நம்ப மாட்றாரு. நீங்க எழுதிக் குடுத்தா நம்புவாரு. பத்து வருசமா மேய்க்கிறேன், ஒரு குட்டி இப்டி அப்டினு போனதில்ல."

குட்டி எப்படிச் செத்தது என்று தெரிய வேண்டுமானால் தோலை உரிக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது நகம் இறங்கியிருந்தால் தோலுக்கடியில் ரத்தம் கட்டி நிற்கும். செத்தபின் கிழித்திருந்தால் கட்டாது. கால் மணி நேர வேலை. வெளியே ஒரு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, நாலு பேர் சத்தம் போட்டார்கள். நான் குட்டியைப் புரட்டிப் பார்த்தேன். மெலிந்த குட்டி. காகிதத்தை எடுத்து, 'பலவீனத்தால் இறந்திருக்கலாம். இறந்தபின் பறவைகள் கொத்தியதாகத் தெரிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துக் காட்டவில்லை. இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "ரொம்ப சந்தோசங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று நாள் கழித்து வெறுங்கையோடு வந்தார். மருந்தகத்தில் யாரும் இல்லை.

"நான் பொய் சொல்றேன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே."

"அப்படி எழுதலக்கா. செத்தப்புறம் கொத்தியிருக்கும்னுதான்..."

"தறிக் கொட்டாயில வெச்சி பத்து பேரு கேக்கப் படிச்சாரு. டாக்டரே சொல்லிட்டாங்க, இன்னும் இன்னா பேசறேன்னு கேட்டாரு. மாசக் கடைசில ஆட்ட ஓட்டிகினு பூட்றாராம்."

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதே வாரத்தில் அந்தப் பகுதியின் வனக்காப்பாளர் வந்தார். முப்பது வயது இருக்கும். அவர் வீட்டில் எல்லாரும் கூலி வேலை செய்தவர்கள், இவருக்குத்தான் முதல் அரசு வேலை. மலையின் மேற்குப் பக்கப் பாறை விளிம்பில் ராஜாளிக் கழுகு ஜோடி ஒன்று கூடு கட்டியிருப்பதை முந்தைய வருடம் கண்டுபிடித்தவர் அவர்தான். தினமும் எதிர்ப்பாறையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார். செல்பேசியைத் திறந்தால் அந்தப் பறவைதான். வெள்ளை மார்பில் கறுப்புக் கோடு, தொடை வரை இறகு, மஞ்சள் கால். அந்த வருடம் கூட்டில் ஒரு குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சு பறக்கும்வரை பாறைக்குக் கீழே ஆடு மேய்க்கக் கூடாது என்று அவர் ஆட்டுக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார்.

"அந்தம்மாவோட தினமும் சண்டை மேடம். பறவைக்கு மலை முழுக்க கீது, என் ஆட்டுக்கு இந்த ஓரம்தான் கீதுனு சொல்றாங்க."

அது உண்மைதான். சுற்றியிருந்த நிலமெல்லாம் வேர்க்கடலையும் நெல்லும். அறுவடை முடியும்வரை வேறெங்கும் ஆட்டை இறக்க முடியாது.

"ஆனா உங்க ரிப்போர்ட் ரொம்ப உதவியா இருந்துச்சு மேடம். தறிக்காரர்கிட்ட வாங்கிப் போட்டோ எடுத்து மேலதிகாரிங்களுக்கு அனுப்பிட்டேன். கழுகு மேல தப்பு இல்லைன்னு ஆயிடுச்சு."

எனக்கு அப்போது கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. அந்த அம்மா வந்து சொன்னதை அவரிடம் நான் சொல்லவில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது வனக்காப்பாளரின் வண்டி உள்ளே வந்தது. பின்னால் ஒரு கோணிப்பை கட்டியிருந்தார். வண்டியை நிறுத்தியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கிக் கட்டை அவிழ்த்தார்.

பைக்குள் பெண் கழுகு. இரண்டு கால்களின் விரல்களும் இறுக மூடியிருந்தன. அதனுடன் பாதி தின்ற ஒரு செம்மறிக்குட்டி. பாறைக்குக் கீழே இரண்டும் பத்தடி தூரத்தில் கிடந்தனவாம். ஒரு நாயும் அங்கே செத்துக் கிடக்கிறது, அதை வண்டியில் ஏற்ற முடியவில்லை என்றார்.

மருந்தகத்தின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் சிமெண்டு மேடை இருக்கிறது. அங்கே வைத்து முதலில் பறவையை அறுத்தேன். இரைப்பையில் குட்டியின் இறைச்சியும் ரோமமும். இறைச்சியோடு ஒட்டிக்கொண்டு ஊதா நிறத்தில் குருணை. நெல்வயலுக்குப் போடுகிற பூச்சிமருந்து. வாடையே போதுமானதாக இருந்தது. ஆனாலும் பரிசோதனைக்கு அனுப்ப எடுத்து பாட்டிலில் போட்டேன்.

அடுத்தது குட்டி. வயிற்றுப் பக்கம் தின்னப்பட்டிருந்தது, முதுகு மிச்சமிருந்தது. முதுகுத்தோலை உரித்தேன். தோலுக்கடியில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம் கறுத்துக் கட்டியிருந்தது. ஒரு பக்கம் மூன்று துளை, எதிர்ப்பக்கம் ஒன்று. ஒன்று விலாவுக்கு இடையில் புகுந்து நுரையீரல் வரை போயிருந்தது. மார்புக்கூட்டுக்குள் ரத்தம். அந்தக் குட்டி அடிபடும்போது உயிரோடு இருந்திருக்கிறது.

பறவையின் காலை எடுத்து, மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து அந்தத் துளைகள் மேல் வைத்தேன். சரியாகப் பொருந்தியது.

வனக்காப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன மேடம்?"

"இந்தக் குட்டிய இந்தப் பறவைதான் கொன்னிருக்கு. அப்புறம்தான் யாரோ மருந்து தூவியிருக்காங்க. திரும்பத் திங்க வந்தது செத்துப்போச்சு."

அவர் கோணிப்பையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். "அது ரிப்போர்ட்ல வரணுமா மேடம்?"

"வரணும்."

"வெஷம் வெச்சதுதானே கேஸு. குட்டி எப்படிச் செத்துச்சுன்னு யாரு கேக்கப்போறாங்க? இத எழுதிட்டீங்கன்னா, மலையைச் சுத்தி இருக்கற அத்தனை ஆட்டுக்காரங்களுக்கும் நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடும். இன்னும் ஒண்ணு மேல இருக்கு மேடம். குஞ்சு வேற இருக்கு."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் இரண்டையும் எழுதினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அதன் பிறகு பல மாதம் அவர் மருந்தகத்துக்கு வரவில்லை.

மறுநாள் இடத்தைப் பார்க்க வரச்சொல்லி அவருடைய அதிகாரி கூப்பிட்டார். போனேன். யார் செய்தது என்று தேட வேண்டியிருக்கவில்லை. குட்டியின் காதில் வெட்டியிருந்த அடையாளம் அந்த அம்மாவின் மந்தையுடையது, நாயும் அவருடையது. நாங்கள் போனபோது அவர் பட்டிக்கு வெளியே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புதிதாகத் தோண்டி மூடிய மண். நாயை முந்தின நாள் மாலையே தூக்கிவந்து புதைத்திருந்தார்.

அதிகாரி கேள்வியை முடிக்கும் முன்பே, "நான்தாங்க வெச்சேன்" என்றார். "நாய கட்டிப் போட்டுட்டுத்தான் வெச்சேன். கயித்த அத்துகினு பூடுச்சி."

அதிகாரியும் வனக்காப்பாளரும் அளவெடுக்கப் பாறைப்பக்கம் போனார்கள். நான் அங்கேயே நின்றேன்.

"ரெண்டாவது குட்டிய ஏன்க்கா என்கிட்ட கொண்டுவரல?"

"கொணாந்தா இன்னா எழுதுவீங்கனு தெரியுமே."

"இந்தக் குட்டிய கழுகுதான் அடிச்சிருக்கு. அறுத்துப் பாத்தேன். அப்படித்தான் எழுதியிருக்கேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப மொதக் குட்டி?"

"அத நான் அறுத்துப் பாக்கல."

"பாக்காத இன்னாத்துக்குமா எழுதனீங்க?"

முகாம், மாடு, கூட்டம் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பட்டிக்குள் ஆடுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன. அவர் எழுந்துபோய் முந்தின நாள் வெட்டிவைத்த தழையை எடுத்து உள்ளே போட்டார். சாயந்தரம் அவரை அழைத்துப்போனார்கள். ஜாமீனில் வெளியே வரப் பதினோரு நாள் ஆனது.

அந்தப் பதினோரு நாளுக்குள் முதலாளி வண்டி அனுப்பி ஆடுகளை ஆரணிக்குக் கொண்டுபோய்விட்டார். தறிக் கொட்டகைக்குப் பின்னால் தகரம் போட்ட இடத்தில் அடைத்துவைத்தார். மலையில் மேய்ந்த ஆடுகள் கட்டுத் தீவனத்தில் வயிறு உப்பி நின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்தார். என் வீட்டிலிருந்து இரண்டு தெருதான். போனேன்.

ஆடுகளுக்கு மருந்து ஊற்றிவிட்டுக் கை கழுவியபின், கொட்டகைக்குள்ளேயே உட்காரச் சொன்னார். இரண்டு பக்கமும் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் கெட்ட மனிதர் அல்ல. விசாரித்துத் தெரிந்துகொள்ள நேரமில்லாதவர், அவ்வளவுதான். முகாம் நாளில் நானும் அப்படித்தான் இருந்தேன்.

"முதல்ல ஒரு குட்டிக்கு நான் எழுதிக் குடுத்தேனே, அது தப்புங்க" என்றேன்.

தறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன மேடம்?"

"அது தப்பு. நான் சரியாப் பாக்காம எழுதிட்டேன். கழுகு அடிச்சதுன்னு அந்தம்மா சொன்னது உண்மையா இருக்கறதுக்குத்தான் நிறைய வாய்ப்பு. ரெண்டாவது குட்டிய அதுதான் அடிச்சுது. அத என் கண்ணால பாத்தேன்."

சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஊடை நூல் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் தலையைத் தூக்கிப் பார்த்தார். அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தவரும் பார்த்தார்.

முதலாளி சுருட்டிவைத்திருந்த சேலையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். "சரி மேடம். அதுக்கு முன்னாடி காணாமப் போன ரெண்டு?"

"அது எனக்குத் தெரியாதுங்க."

"ஆங்" என்றார். நான் ஒத்துக்கொண்டதும் ஒத்துக்கொள்ளாததும் அவருக்கு ஒரே எடையில் இருந்ததுபோல் தோன்றியது. ஆடுகளை அவர் திருப்பி அனுப்பவில்லை. மாசிக்குள் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். ஆடு வளர்ப்பு பெரிய பேஜாரு மேடம் என்று பிறகு ஒருநாள் வழியில் பார்த்தபோது சொன்னார்.

கூட்டில் இருந்த குஞ்சை ஆண் பறவை தனியாக வைத்துக் காப்பாற்றப் பார்த்தது. அது இரை தேடப் போனால் குஞ்சு வெயிலில் கிடந்தது. நிழலுக்கு நின்றால் இரை இல்லை. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ கூட்டில் அசைவில்லை என்று வனத்துறை ஓட்டுநர் ஒருவர் என்னிடம் சொன்னார். வனக்காப்பாளர் அந்த ஒன்பது நாளும் பாறையிலேயே இருந்தாராம்.

வழக்கு ஆரணி நீதிமன்றத்தில் இன்னும் நடக்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் பறவை என்பதால் எளிதில் முடியாது என்கிறார்கள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். இரைப்பையில் இருந்ததைச் சொன்னேன், குட்டியின் முதுகில் இருந்ததையும் சொன்னேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் முதல் சான்றிதழை எடுத்து நீட்டி, "இதை எழுதும்போது தோலை உரித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "கவனக்குறைவு என்று வைத்துக்கொள்ளலாமா?" என்றார். வைத்துக்கொள்ளலாம் என்றேன். அதற்கு எங்கள் துறையிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பதில் எழுதினேன். ஒரு வருட ஊதிய உயர்வு நின்றது.

அன்று சாட்சி சொல்லக் காத்திருந்தபோது நீதிமன்ற வளாகத்தில் ஒரே பெஞ்சில் நானும் அந்த அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். வேறு இடம் இல்லை. அவர் புதுப்புடவை கட்டியிருந்தார். முந்தானையை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"டாக்டரம்மா, ஒன்னு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"அந்த மருந்த துன்னா ரொம்ப நோவுமா?"

நாயைப் பற்றிக் கேட்கிறார் என்று புரிந்தது. சுலபமான பதில் ஒன்று இருந்தது. ஆனால் அவரிடம் இனி எதையும் பார்க்காமல் சொல்லக் கூடாது என்று இருந்தேன்.

"நோவும். மூச்சு முட்டும், இழுக்கும். ரொம்ப நேரம் இருக்காது. கால் மணி, அரை மணி."

தலையை ஆட்டினார். கொஞ்சம் கழித்து, "கழுகுக்கு?" என்றார்.

"அதுக்கும் அப்படித்தான்."

அவர் மறுபடி முந்தானையை விரலில் சுற்ற ஆரம்பித்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது முந்தானையை உதறிவிட்டு எழுந்து போனார்.

அதன்பின் அவர் ஒரு வருடம் வேர்க்கடலை பிடுங்கவும் நடவுக்கும் போனார். அதில் சேர்த்து மூன்று பெட்டையாடுகள் வாங்கினார். இப்போது அவை ஒன்பதாகியிருக்கின்றன. யாருக்கும் வாரத்துக்கு மேய்ப்பதில்லை. சுற்றுவட்டத்தில் வேறு மருந்தகம் இல்லாததால் என்னிடம்தான் வருகிறார். புழு மருந்து கேட்பார், தடுப்பூசி எப்போது என்பார். மற்ற எதையும் நாங்கள் பேசுவதில்லை.

வனக்காப்பாளரும் மறுபடி வர ஆரம்பித்தார். முதல் தடவை தன் வீட்டு மாட்டுக்கு மருந்து வாங்குவதுபோல் வந்தார். போன கார்த்திகையில் ஆண் பறவையோடு ஒரு புதுப் பெண் பறவை சுற்றுவதாகச் சொன்னார். பழைய கூட்டைக் குச்சி வைத்து உயர்த்துகின்றனவாம். படம் காட்டவில்லை.

"அந்தம்மாகிட்டயும் சொல்லிட்டேன் மேடம். குட்டி போடற மாசம், வெயில் ஏறும்போதுதான் கழுகு கீழ எறங்கிப் பறக்கும், அந்த நேரத்துல குட்டிங்கள வெளிய விடாதீங்கன்னு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைக்கும்னு மட்டும் கேட்டாங்க."

அவர்கள் இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மேற்குப் பாறைக்குக் கீழே இப்போதும் அந்த அம்மா மேய்க்கத்தான் செய்கிறார். வனக்காப்பாளரும் வேண்டாம் என்று சொல்லத்தான் செய்கிறார். தையில் ஒருநாள் அந்தப் பக்கம் ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போனபோது அந்த அம்மாவின் பட்டியைப் பார்த்தேன். பெரிய மூங்கில் கூடைகள் நாலு கவிழ்த்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல். கூடைக்குள் குட்டிகள். பெரிய ஆடுகள் மட்டும் மேய்ச்சலில். காலில் முள் குத்தியிருந்ததால் அவர் நிழலில் உட்கார்ந்து அதை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "மாடு கன்னு போட்டுச்சாங்க?" என்று கேட்டார். போட்டுவிட்டது, கிடேரிக் கன்று என்றேன்.

இந்த வருடம் அவருக்கு ஏழு குட்டிகள். கழுகு ஒன்றையும் எடுக்கவில்லை. இரண்டு குட்டிகள் கழிச்சலில் போயின. அதற்கு என்னிடம் மருந்து இருந்தது. அவர் ஒருநாள் தாமதமாக வந்தார்.